ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு தப்பா வருது, லேப் ரெக்கார்டு எப்படி எழுத? அவசரம்!!

மூணாவது பெஞ்ச்:
பி.எஸ்சி. முதல் வருஷம். நாளைக்கு ரெக்கார்டுல கையெழுத்து வாங்கணும். ஜி 9.8 வரணும், 10.8 வருது. மூணு தடவை கணக்கு போட்டுட்டேன், அதேதான். "பிழைக்கான காரணம்"னு எழுதச் சொல்றாங்க. மனிதப் பிழைன்னு எழுதினா போதுமா? சீக்கிரம் சொல்லுங்க.

கரிசல்காட்டான்:
எந்தச் சோதனை தம்பி? நூல்ல குண்டு கட்டி ஆட்டுற தனி ஊசலா, பட்டையை ஆட்டுற கூட்டு ஊசலா? அளவீடு எங்கே?

தராசு:
தலைப்பில் 'அவசரம்' போடத் தெரிகிறது, அட்டவணை போடத் தெரியவில்லை. இங்கே வாரம் ஒருவர் இப்படி வருகிறார். ரெக்கார்டு என்பது நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு என்று வலப்பக்கம் நிரப்புவது மட்டுமல்ல. இடப்பக்க அட்டவணைதான் உயிர்.

வெர்னியர் வேலு:
தனி ஊசலாத்தான் இருக்கும். குண்டோட ஆரத்தைச் சேர்த்தியா? நூலை மட்டும் அளந்திருப்ப. பந்தயம் கட்டுறேன்.

மூணாவது பெஞ்ச்:
தனி ஊசல்தான், சாரி. ஆரம் சேர்த்தேன். நீளமும் 20 அலைவுக்கு ஆன நேரமும்:
60 செ.மீ. – 29.6 வி
80 – 34.2
100 – 38.1
120 – 41.8

கரிசல்காட்டான்:
ஃபேன் ஓடிச்சா? குண்டை ரொம்பத் தூரம் இழுத்து, வீச்சைப் பெரிசா விட்டிருப்ப.

லேப் அக்கா:
வேலு, ஆரத்தை விட்டா நீளம் குறையும், ஜியும் குறையும். வீச்சு பெரிசானா அலைவு நேரம் கூடும், அப்பவும் ஜி குறையத்தான் செய்யும். இவருக்குக் கூடியிருக்கு. இன்னொண்ணு, ஆரத்தை விட்டவங்களுக்கு நீளம்–டி வர்க்க (அலைவு நேரத்தோட வர்க்கம்) வரைபடம் ஆதிப்புள்ளி வழியா போகாது, ஆனா சாய்வு சரியா வரும். இவரோட நாலு புள்ளியும் ஆதிப்புள்ளி வழியா ஒழுங்கா போகுது, சாய்வுதான் தப்பு. அப்போ நேரத்துல எல்லா நீளத்துக்கும் ஒரே விகிதத்துல பிழை.
தம்பி, கடிகாரத்தை அழுத்தும்போது 'ஒண்ணு'ன்னு எண்ணினீங்களா, 'பூஜ்யம்'னா?

மூணாவது பெஞ்ச்:
ஒண்ணு...

லேப் அக்கா:
அதேதான். 'இருபது'ன்னு நிறுத்தும்போது நடந்தது 19 அலைவுதான், வகுத்தது 20ஆல. நேரம் வர்க்கத்துல வர்றதால, உங்க நாலு அளவோட சராசரி ஜி 10.835ஐ 400ஆல (20 × 20) வகுத்து 361ஆல (19 × 19) பெருக்குங்க, 9.78 வரும்.

வெர்னியர் வேலு:
சரி, ஒத்துக்கறேன். அப்போ 100 செ.மீ.க்கு 40.1னு மாத்தி எழுதிட்டா வேலை முடிஞ்சது. எங்க பேட்ச் முழுக்க அப்படித்தான் பாஸ் பண்ணோம்.

தராசு:
அதனால்தான் பலருக்கு இன்றும் வெர்னியர் அளவுகோலில் மீச்சிற்றளவு (அது காட்டும் மிகச் சிறிய அளவு) பார்க்கத் தெரியவில்லை. பார்க்காத அளவை எழுதுவது மோசடி.

வெர்னியர் வேலு:
என் பேரை இழுக்காதீங்க சார். காலையில கையெழுத்து வாங்கணும், ராத்திரி லேபுக்கு யார் சாவி குடுப்பாங்க?

கரிசல்காட்டான்:
ஜி 9.8 தானே? 9.78னா மார்க் போவாதா?

தராசு:
9.8 என்பது முழுமையாக்கிய எண். நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. சென்னையில் 9.78தான் சரி.

லேப் அக்கா:
அந்தச் சண்டை இந்த ஊசலுக்குத் தேவையே இல்ல. 40 வினாடியில கை தடுமாற்றம் 0.2 வினாடின்னா அரை சதவீதம். டி வர்க்கத்துல வர்றதால ஒரு சதவீதம் ஆகும். நீளத்துல 1 மி.மீ. தப்பினா 0.1 சதவீதம்தான். மொத்தம் ஏறக்குறைய 0.1 மீ/வி² முன்னபின்ன. 9.78ஐயும் 9.8ஐயும் இது பிரிச்சுக் காட்டாது. ஆனா 10 சதவீதம் தப்புறதை 'மனிதப் பிழை'ங்கிற தலையில கட்ட முடியாது.
தம்பி, பழைய அட்டவணையை அடிக்காதீங்க. காலையில பத்து நிமிஷம் முன்னாடி போய் 100 செ.மீ.க்கு மட்டும் பூஜ்யத்துல ஆரம்பிச்சு மறுபடி எண்ணுங்க. 40 வினாடி வந்தா காரணம் உறுதி. ரெண்டையும் ரெக்கார்டுல வைங்க. எண்ணிக்கைத் தவறுன்னு பச்சையா எழுதுங்க.

வெர்னியர் வேலு:
எழுதினா வாத்தியார் ரெக்கார்டைத் தூக்கிப் போடுவார்.

தராசு:
நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மூணாவது பெஞ்ச்:
40.2 வந்துச்சு. கையெழுத்து ஆச்சு. நன்றி அக்கா.

கரிசல்காட்டான்:
பழைய அட்டவணையையும் வச்சியா, இல்ல மாத்திட்டியா தம்பி?

கரிசல்காட்டான்:
தம்பி?