ஆயாவின் கண்டாங்கியில் டாப் தைக்கலாமா?

புதுவயல் பெண்:
என் பாட்டி, ஆயா கட்டிய கண்டாங்கிச் சேலை ஒன்று பெட்டியில் கிடைத்தது. மஞ்சளில் அரக்குக் கட்டம், கையகலக் கரை. மடிப்பு விழுந்த இடங்களில் நூல் விட்டிருக்கிறது, கீழ்ப்பக்கம் நைந்து போயிருக்கிறது. இனி உடுத்த முடியாது. எனக்கு ஒரு டாப், மிஞ்சினால் மகளுக்கும் ஒன்று தைக்க ஆசை. கால் மெஷின் இருக்கிறது. நைட்டி, பாவாடை தைப்பேன். எங்கிருந்து வெட்டுவது?

கோட்டையூர் ஆச்சி:
ஆத்தா, கத்திரியை எடுக்கும் முன் ஃபால்ஸ் இருந்தால் பிரித்துவிட்டு, தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்து. அப்புறம் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல இழு. நூல் விலகினால் அங்கே சாக்பீஸால் பெருக்கல் குறி போடு. உட்காரும் பாகமும் கொசுவத்தின் கீழ்ப்பாகமும்தான் பெரும்பாலும் போயிருக்கும். முந்தானையும் உள்ளே செருகும் முனையும் உரமாக இருக்கும். உன் டாப்பின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

கரை கீழ்விளிம்பில் வர வேண்டுமானால் துணியைக் குறுக்கே போட வேண்டும். சேலையின் அகலம் டாப்பின் உயரமாகிவிடும். 40 அங்குல டாப்புக்குத் தாராளமாகப் போதும். மடிப்புக் கோடு மட்டும் தோளிலோ கைக்குழியிலோ விழவே கூடாது. அங்கேதான் முதலில் கிழியும்.

உள்ளே லைனிங் அவசியம். கடையில் வாங்காதே, ஐயாவின், அதாவது உன் தாத்தாவின், பழைய வேட்டி இருந்தால் அதைப் போடு. பலமுறை துவைத்த துணி, இனிச் சுருங்காது, உடம்புக்கும் இதம். இரண்டையும் ஒன்றாக வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டு மெஷினில் ஓட்டு.

தேவகோட்டை தையல்காரர்:
ஆச்சி சொன்னது சரி. 11-ம் நம்பர் ஊசி போடுங்கள். தையலை நெருக்கமாக வைக்காதீர்கள், பழைய துணியில் ஊசித் துளையோடு கிழிந்துவிடும். உடம்புச் சுற்றளவு 38 என்றால் 42, 43 வைத்து வெட்டுங்கள்; பிடித்துத் தைத்தால் நிற்காது. பக்கத்தில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும். அதற்கு முன்பக்கத்தை வெட்டி, அதையே பின்பக்கத் துணி மேல் கோடு பார்த்து வைத்துக் குண்டூசி குத்தி வெட்டுங்கள்.

கானாடுகாத்தான் வாசி:
எனக்கு மனசு கேட்கவில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. வெட்டாமல் வைத்திருக்கலாமே?

கோட்டையூர் ஆச்சி:
முழுசாக இருந்தால் நானும் தொடவிட மாட்டேன். இது பெட்டியில் கிடந்தால் மடிப்பிலேயே பொடிந்துபோகும். வெட்டும் முன் ஒரு முழத் துண்டை, கரை, கட்டம் இரண்டும் வருகிற மாதிரி எடுத்து வை ஆத்தா. காரைக்குடியில் இன்னும் தறி ஓடுகிறது. இதே கட்டத்தில் புதுச் சேலை வேண்டுமென்றால் நெசவாளருக்கு அந்தத் துண்டைக் காட்டிக் கேட்கலாம்.

புதுவயல் பெண்:
வேட்டி இருக்கிறது ஆச்சி! கழுத்துக்கும் கரையையே வைக்கலாமா?

கோட்டையூர் ஆச்சி:
வட்டக் கழுத்துக்கு வேண்டாம், கரை வளைந்து கொடுக்காது. வேட்டித் துணியில் சாய்வாகக் கிராஸ் பட்டி வெட்டி உள்பக்கமாக மடித்துத் தை. மிஞ்சிய கரையை மகள் டாப்பின் கைக்கு வை. கொஞ்சம் கனமாக நின்றாலும் குழந்தைக்கு அழகாக இருக்கும்.