வந்தே பாரத் வண்டிகள் பெருகும்போது பாசஞ்சர் வண்டிகளுக்கு இடம் எங்கே?

திண்டிவனம் பயணி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் வீடு திண்டிவனத்துக்கு அருகில் உள்ளது; வேலை கிண்டி தொழிற்பேட்டையில். எட்டு ஆண்டுகளாகச் சீசன் டிக்கெட்டில் பாசஞ்சர் வண்டியில் தாம்பரம் வரை வந்து, அங்கே மின்சார ரயிலுக்கு மாறுகிறேன். ஒலக்கூர், அச்சிறுபாக்கம், மதுராந்தகம் ஆகிய ஊர்களில் என்னோடு ஏறுபவர்கள் கட்டடத் தொழிலாளர்கள், பூக்கூடையோடு வரும் பெண்கள், கல்லூரி மாணவர்கள். நாங்கள் ஏறும் பல நிலையங்களில் விரைவு வண்டிகள் நிற்பதே இல்லை. காலையில் எங்கள் வண்டியை வழியில் எங்கேனும் ஓரங்கட்டிவிட்டு, பின்னால் வரும் விரைவு வண்டியை முன்னே அனுப்புகிறார்கள். கால் மணி நேரம் தாமதமானால் அரை நாள் கூலி போகும் நிலையில் எங்களுள் பலர் இருக்கிறோம்.

எங்கள் பயணிகள் குழு ஒரு மனு எழுதி வருகிறது. 'வந்தே பாரத் வண்டிகளுக்காக எங்கள் வண்டி நிறுத்தப்படுகிறது' என்பது அதன் முதல் வரி. அது உண்மைதானா, கட்டணம் மிகுந்த வண்டிகளும் ஏழைகளின் வண்டிகளும் ஒரே பாதையில் நியாயமாக ஓட வழியுண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கன்ட்ரோலர்:
தம்பி, முதல் வரியை மாற்றிவிடுங்கள். எழும்பூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் வந்தே பாரத் அதிகாலை 5 மணிக்கே புறப்பட்டு உங்களுக்கு எதிர்த்திசையில் போகிறது. திரும்பி வருவது இரவில். திருநெல்வேலியிலிருந்து வருவது பிற்பகலில்தான் எழும்பூரை அடைந்து, 3 மணிக்குச் சற்று முன்பே மீண்டும் கிளம்பிவிடுகிறது. உங்கள் காலை வண்டியைக் கடந்து போகிறவை தென் மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓடி வரும் விரைவு வண்டிகள். அவற்றிலும் முன்பதிவில்லாத பெட்டிகளில் நின்றுகொண்டே வரும் கூலித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதன் அடிப்படை வேக வேறுபாடு. செங்கல்பட்டுக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இடையில் நிற்காத வண்டி அதை ஒன்றேகால் மணி நேரத்தில் கடக்கிறது, எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிக்கு இரண்டேகால் மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாசஞ்சர் புறப்பட்டு அரை மணி கழித்து விரைவு வண்டி கிளம்பினாலும், பாதி வழியிலேயே அது பின்னால் வந்து நின்றுவிடும். ஆகவே பாசஞ்சரை முன்கூட்டியே லூப் லைனில், அதாவது நிலையத்தில் முதன்மைப் பாதையிலிருந்து விலகிச் செல்லும் பக்கப் பாதையில், ஏற்ற வேண்டும். பிறகு விரைவு வண்டி கடந்து, அடுத்த நிலையத்தை அடைந்து, பிளாக் (ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டுமே அனுமதிக்கும் பாதைப் பகுதி) காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் இப்படித்தான் போகிறது. இரண்டு விரைவு வண்டிகள் ஐந்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வந்தால் ஒரே நிறுத்தத்தில் இரண்டையும் கடத்திவிடலாம். அரை மணி இடைவெளியில் வந்தால் உங்கள் வண்டி இருமுறை ஒதுங்க வேண்டும். கால அட்டவணை போடுபவரின் திறமை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தாம்பரம்–செங்கல்பட்டு இடையே மூன்றாவது பாதை உண்டு. அதற்குத் தெற்கே விழுப்புரம் வரை போக ஒன்று, வர ஒன்று என இரண்டே பாதைகள். எந்த வண்டியைக் குறை சொன்னாலும் அந்த இரண்டு பாதைகள் மூன்றாகப் போவதில்லை.

வியாசர்பாடி வாசகி:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மலிவு வண்டி நசுங்கியது பாதையில் மட்டுமன்று, கட்டணத்திலும்தான். 2020 மார்ச்சில் நின்றுபோன பாசஞ்சர் வண்டிகள், திரும்பி வந்தபோது முன்பதிவில்லாத எக்ஸ்பிரஸ் சிறப்பு வண்டிகள் என்ற பெயரோடு வந்தன. வேகமும் நிறுத்தங்களும் பழையபடியே இருக்க, குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்! ஒரு நிலையம் தள்ளிப் போய்க் கீரை விற்று வரும் அம்மாவுக்குப் போக வர 60 ரூபாய் என்றால், அன்றைய வருமானத்தில் என்ன மிஞ்சும்? மனுவில் வந்தே பாரத் பற்றிப் பேசுவதைவிட, சாதாரணக் கட்டணம் பெயர் மாற்றத்தால் மறைந்துவிடக் கூடாது என்பதை எழுதுங்கள்.

கோவை–சென்னை பயணி:
நான் மாதம் இருமுறை வந்தே பாரத்தில் போகிறவன். ஏறத்தாழ 500 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் கடப்பதால், காலையில் கிளம்பி வேலையை முடித்து இரவே வீடு திரும்ப முடிகிறது. அதற்கு உரிய கட்டணத்தைத் தரத் தயங்கவில்லை. 'பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடே கட்டணத்தில் கிடைக்கிறது' என்று பயணச்சீட்டிலேயே அச்சிட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். சரக்குப் போக்குவரத்தின் வருவாய்தான் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. எங்களைப் போன்றோர் கூடுதலாகக் கொடுப்பதும் அதற்கு உதவ வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் வந்தே பாரத்தில் முன்பதிவில்லாத பெட்டி ஒன்றுகூட இல்லாத நிலையில், அது ஓடும் பாதையில் மலிவு வண்டி குறைந்தால் அந்த வருவாய்க்குப் பொருள் இல்லை. குளிர்சாதனம் இல்லாத அம்ரித் பாரத் வண்டிகளும் வந்தே பாரத்தைப் போலவே நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தயாராகின்றன, அவற்றையும் அதே முனைப்போடு கூட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற கன்ட்ரோலர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். அம்ரித் பாரத் தொலைதூர வண்டி; ஒலக்கூரில் நிற்காது. உங்களுக்கு வேண்டியது மெமு எனப்படும், தனி எஞ்சின் இல்லாத குறுந்தொலைவு மின்சார வண்டி. அதில் இழுவை மோட்டார்கள் வண்டி நெடுகிலும் இருப்பதால், நின்று கிளம்பியதும் விரைவில் வேகம் எடுக்கும். வேக வேறுபாடு குறையும். எட்டுப் பெட்டிகளைப் பன்னிரண்டாக்கினால் பாதையில் கூடுதல் இடம் எடுக்காமலேயே ஒன்றரை மடங்கு பேர் போகலாம். நடைமேடை நீளம் போதுமா என்பதை ஒவ்வொரு நிலையத்திலும் பார்த்து, அதையும் மனுவில் குறிப்பிடுங்கள். 'தாமதத்தைத் தவிர்க்கவும்' என்ற பொதுவான வேண்டுகோளுக்குப் பொதுவான பதில்தான் வரும்.

திண்டிவனம் பயணி:
ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. முதல் வரியை நீக்கிவிட்டோம். நாளை முதல் இரண்டு வாரங்களுக்கு, எங்கள் வண்டி எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு, எந்த வண்டிக்காக, எத்தனை நிமிடம் ஒதுங்குகிறது என்பதைப் பெட்டிக்கு ஒருவராகக் குறித்து வைக்கப் போகிறோம். நடைமேடைகளின் நீளத்தை அந்தந்த ஊர் மாணவர்கள் அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் பற்றிய பத்தியை வியாசர்பாடி சகோதரி ஒருமுறை படித்துத் திருத்தித் தந்தால் மகிழ்வோம்.