மூடியை மாட்டுமுன் பெட்டியை ஒட்டிவிட்டேன்

சிப்புட்டுக்காரி:
வணக்கம். அம்மா 34 வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அவருடைய கத்தி அடுப்படியில் ஒரு பழைய மைலோ டின்னில், பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த மாதம் அவருக்கு 70 வயது. சின்னதாக ஒரு மரப்பெட்டி செய்து கத்தியை அதில் வைத்துக் கொடுக்க ஆசை. உள்ளளவு 30 × 7 × 5 செ.மீ. ஈப்போவில் கேடயம் செய்யும் கடையில் 3 மி.மீ. பிளைவூட்டை லேசரில் வெட்டித் தந்தார்கள். படம் நான் வரைந்தது, அதனால் தப்பும் என்னுடையதுதான்.

கீல் தனியாக இல்லை. மூடியின் பின்பக்கம் இரண்டு முனையிலும் சின்னக் குமிழ். அது பக்கப்பலகை ஓட்டைக்குள் நின்று சுழல வேண்டும். நான்கு பலகைக்கும் பசை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, ராத்திரி முழுக்கக் காயவைத்தேன். காலையில்தான் உறைத்தது, மூடியை இனி எந்த வழியாக உள்ளே விடுவது? வளைத்துத் தள்ளினேன். ஒரு குமிழ் டக்கென்று ஒடிந்தது. மற்றது ஓட்டைக்குள்ளேயே போகவில்லை. பலகை விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்று கோக்கிற பற்களும் ஆடுகின்றன. மறுபடி வெட்டத்தான் வேண்டும். வேறு என்னென்ன திருத்துவது?

தைப்பிங் தச்சன்:
தங்கச்சி, முதலில் பலகையை அளந்து பாருங்கள். 3 என்று விற்பது பெரும்பாலும் 2.7தான் இருக்கும். லேசர் கோடும் 0.2 மி.மீ. போலத் தின்னும். பல் அந்த அளவு மெலியும், பள்ளம் அந்த அளவு அகலும், அதுதான் ஆட்டம். கடையில் துண்டுப் பலகையில் நாலு பல் மட்டும் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகு முழுசாக வெட்டச் சொல்லுங்கள்.

குமிழ் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் 3 மி.மீ. அகலம் வரைந்து ஓட்டையையும் 3 போட்டிருப்பீர்கள். குமிழ் சதுரம், ஓட்டை வட்டம். மூலைக்கு மூலை அளந்தால் கிட்டத்தட்ட 4 வரும், எப்படிப் போகும்? ஓட்டையை 4.2 ஆக்குங்கள், குமிழின் மூலைகளைச் சேண்ட்பேப்பரில் மழுக்குங்கள். ஒடிந்ததற்குக் காரணம் ரேகை, மரத்தில் ஓடும் நார்க்கோடு. மேல் தாளின் ரேகை மூடியின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் குமிழ் பிஸ்கட்தான். படத்தில் மூடியைத் திருப்பிப் போட்டால் போதும்.

மூடிக்கும் பின்பலகைக்கும் நடுவில் 1 மி.மீ. விடுங்கள், இல்லையென்றால் திறக்கும்போது மூலை இடிக்கும். முன்பலகை மேல்விளிம்பில் ஒரு அரைவட்டம், விரல் போக.

ரப்பர் மரப் பலகை கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். 25, 30 வருஷத்தில் பால் ஓய்ந்து வெட்டிச் சாய்க்கும் மரம்தானே. அம்மா கத்திக்கு அதுதான் சரியான வீடு.

கிள்ளான் பையன்:
அக்கா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஹார்ட்வேர் கடையில் குட்டி பித்தளைக் கீல் இருக்குமே.

தைப்பிங் தச்சன்:
தம்பி, அந்தத் திருகு 3 மி.மீ. பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

சிப்புட்டுக்காரி:
அண்ணே, அளந்தேன், 2.7தான்! ரேகையும் குறுக்கேதான் ஓடியிருக்கிறது. ஒட்டும் வரிசையை மட்டும் சொல்லுங்கள்.

தைப்பிங் தச்சன்:
அடி, முன், பின், இடது பக்கம். அப்புறம் மூடியை இடது ஓட்டையில் செருகிப் பிடித்துக்கொண்டு வலது பக்கத்தை மூடுங்கள். குமிழ்ப் பக்கம் பசை வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது மேலே மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னால் கருகல் கறை படியாது.

சிப்புட்டுக்காரி:
மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்ல மறந்துவிட்டேன். ரப்பர் மரம் கிடைக்கவில்லை, சாதா பிளைவூட்தான். மூடி நிமிர்ந்து, லேசாகப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. நேற்று அம்மாவிடம் கொடுத்தேன். கத்தியை எடுத்துக் கட்டைவிரலில் கூர் பார்த்தார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தீட்டுக்கல் எங்கே என்று கேட்டார்.