எட்டு எட்டு பைட்டா தேடுற பேட்ச்: என் மெஷின்ல பாஸ், சிஐ-ல ஃபெயில். மெர்ஜ் பண்ணலாமா?

தெப்பக்குளம்_தெற்கு, மாலை 6:52
அவசரம். ஒரு ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம்ஸ் லைப்ரரிக்கு வந்த சின்ன பேட்ச்சை (கோடு மாற்றம்) ரிவ்யூ பண்ணணும். பாத்-ல (ஃபைல் இருக்கிற எடத்தோட முகவரி) அடுத்த ஸ்லாஷ் எங்கேன்னு தேடுற ஃபங்ஷன். முன்னாடி ஒவ்வொரு பைட்டா போச்சு, இப்ப எட்டு எட்டா போகுது. என் லேப்டாப்ல டெஸ்ட் எல்லாம் பாஸ், வேகமும் 4 மடங்கு. சிஐ-ல (பேட்ச் வந்ததும் தானா டெஸ்ட் ஓட்டுற சர்வர்) ஒரே ஒரு ஜாப் மட்டும் சிவப்பு. கோடு சரியாத்தான் தெரியுது. ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும்.

பைபாஸ்_ரோடு, 6:58
எந்த ஜாப்? எந்த ஆர்க்கிடெக்சர்? கம்பைலர் வெர்ஷன்? ஆப்டிமைசேஷன் ஓ2-வா ஓ3-யா? எந்த இன்புட்டுக்கு ஃபெயில்? சிவப்புன்னு மட்டும் சொன்னா காளவாசல் சிக்னலும் சிவப்புதான்.

ஆரப்பாளையம்_பஸ், 7:03
கேக்கவே வேணாம், பேஜ் எல்லைதான். பேஜ் 4096 பைட். அது முடிய 3 பைட் இருக்கப்ப 8 பைட் படிச்சா மிச்சம் 5 அடுத்த பேஜ்ல இருக்கும். அது மேப் ஆகலன்னா செக்ஃபால்ட், அதாவது கிராஷ். எல்லை தாண்டிப் படிச்சாப் புடிக்கிற அட்ரஸ் சானிடைசர் போட்டு ஓட்டுங்க, ஒடனே கத்தும்.

பைபாஸ்_ரோடு, 7:06
நீளம் தெரியாத சரத்துக்குத்தாண்ணே அந்தக் கதை. நீளமும் ஆர்குமென்ட்டா வந்து, "மிச்சம் 8-க்குக் கொறையாம இருக்கிற வரைக்கும்"னு லூப் இருந்தா வெளிய போகாது.

தெப்பக்குளம்_தெற்கு, 7:11
நீளம் வருது, லூப்பும் அப்படித்தான். சானிடைசர் சுத்தம். கம்பைலர் ஜிசிசி 13, ஓ2. கிராஷ் இல்லங்க, விடைதான் தப்பு. ஸ்லாஷ் இருக்கிற எடம், 0-லருந்து எண்ணி, 1 வரணும், 0 வருது.

திருநகர்_64, 7:14
அப்ப ஸ்ட்ரிக்ட் அலையாசிங், ஒரே மெமரியை வேற வேற டைப்பா தொடக்கூடாதுங்கிற விதி. கேரக்டர் பாயின்ட்டரை 64 பிட் பாயின்ட்டரா காஸ்ட் பண்ணிருப்பாங்க, ஓ2-ல கம்பைலர் அதை வச்சு விளையாடும். 8 பைட்டை மெம்காப்பில (பைட்டை நகல் எடுக்கிற ஃபங்ஷன்) எடுக்கச் சொல்லுங்க. ஓ2-ல அது ஒரே ஒரு லோடாத்தான் மாறும், செலவு இல்ல.

தெப்பக்குளம்_தெற்கு, 7:16
மெம்காப்பிதான் போட்டிருக்கு.

கோடு_வாத்தியார், 7:21
இழையை முழுதும் படித்தேன். அடிப்படைக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. லினக்ஸின் சி லைப்ரரியான கிளிப்சியில் பைட் தேடும் ஃபங்ஷனான மெம்சிஹெச்ஆர், ஏவிஎக்ஸ்2 வசதி உள்ள எக்ஸ்86 இயந்திரத்தில் 32 பைட் வெக்டார்களாகத் தேடும். அதை அழைக்காமல் கையால் எட்டு பைட் லூப் எழுதுவது எதற்கு? இதுகூடத் தெரியாமல் ரிவ்யூவுக்கு உட்காருவது, நீச்சல் தெரியாமல் வைகை அணையில் குதிப்பது போல.

தெப்பக்குளம்_தெற்கு, 7:24
கிளிப்சியே லிங்க் ஆகாத லைப்ரரி சார். சொல்ல விட்டுட்டேன்.

கோடு_வாத்தியார், 7:25
முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொன்னால்?

பைபாஸ்_ரோடு, 7:27
வேகத்தை எப்படி அளந்தீங்க?

தெப்பக்குளம்_தெற்கு, 7:31
1 எம்பி பஃபர், பூரா ஒரே எழுத்து, கடைசில ஒரு ஸ்லாஷ். பழைய ஃபங்ஷன் 10 வினாடி, அப்புறம் புதுசு 10 வினாடி. நேத்து 4 மடங்கு. இன்னிக்கு கரண்ட் போனதுல பேட்டரில ஓட்டுனேன், 1.6-தான் வந்துச்சு. அதையும் கேக்கணும்னு இருந்தேன்.

ஆரப்பாளையம்_பஸ், 7:33
மதுரை வெயில்ப்பா. ஃபேனும் இல்லாம ரூம்ல வச்சு ஓட்டுனா சிபியு சூடாகி தானா வேகத்தைக் கொறச்சுக்கும்.

திருநகர்_64, 7:35
வெயில் மேல பழி போடாதீங்கண்ணே. பேட்டரிக்குப் போனதும் சிபியு வேகத்தை முடிவு பண்ற கவர்னர் பவர்சேவுக்கு மாறிருக்கும்.

ஆரப்பாளையம்_பஸ், 7:36
கவர்னர் மாறுனா ரெண்டு ஃபங்ஷனும் ஒரே மாதிரி மெதுவாகும், மடங்கு ஏன் மாறுது? பழசு ஓடுறப்ப சில்லுனு இருந்துச்சு, சூடெல்லாம் புதுசு தலையில விடிஞ்சிருச்சு.

கோடு_வாத்தியார், 7:38
வெப்பமானி கொண்டு பெஞ்ச்மார்க் செய்யும் முதல் இழை.

பைபாஸ்_ரோடு, 7:42
அண்ணன் சொல்ற வரிசைக் கணக்கு சரிதான். பழசு, புதுசு, பழசு, புதுசுன்னு மாத்தி மாத்தி ஓட்டுங்க. டாஸ்க்செட் போட்டு ஒரே கோர்ல கட்டி வைங்க. பெர்ஃப் ஸ்டாட்ல 20 ரன், நேரத்தை விட்டுட்டு சைக்கிள் எண்ணிக்கையப் பாருங்க. கடிகார வேகம் ஏறி எறங்குனாலும் கேஷுக்குள்ள அடங்குற வேலைக்கு சைக்கிள் பெருசா மாறாது. ஆனா பெரிய தப்பு அந்த 1 எம்பி. நிஜ பாத்-ல ரெண்டு ஸ்லாஷுக்கு நடுவுல மூணு எழுத்தோ பத்து எழுத்தோதான் இருக்கும். எட்டு பைட் லூப் ஒரு சுத்து வரதுக்குள்ள விடை கெடச்சிரும். அங்க ஜெயிக்குதான்னு பாருங்க.

பிட்டுக்கு_மண், 7:49
பைபாஸ் முதல்ல கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. எந்த ஆர்க்கிடெக்சர்? இன்புட் "./"-ல ஆரம்பிக்குதா?

தெப்பக்குளம்_தெற்கு, 7:52
ஆமா "./"-தான்! எப்படித் தெரிஞ்சுச்சு? ஜாப் பேரு எஸ்390எக்ஸ்.

பிட்டுக்கு_மண், 8:10
அது ஐபிஎம் மெயின்ஃப்ரேம், பிக் எண்டியன்: முதல் பைட்டை எண்ணோட மேல் பக்கம் வைக்கும். நம்ம லேப்டாப் லிட்டில் எண்டியன், கீழ் பக்கம் வைக்கும். பேட்ச் என்ன செய்யுதுன்னா, எல்லா பைட்டையும் ஸ்லாஷோட எண்ணான 47-ஓட எக்ஸார் (ரெண்டும் ஒண்ணா இருந்தா 0 தர்ற கணக்கு) பண்ணுது, ஸ்லாஷ் இருந்த எடம் 0 ஆயிரும். அப்புறம் பைட்டுக்கு 1 கழிச்சு, கழிக்கிறதுக்கு முந்தின மதிப்பைப் புரட்டி ஆண்ட் பண்ணி, 128-க்கான பிட்டை மட்டும் பாக்குது. "0 இருக்கா"ங்கிற கேள்விக்கு இது எப்பவும் சரியாச் சொல்லும். "எங்க"ங்கிறதுலதான் வில்லங்கம். 0-ல 1 கழிக்க மேல் பைட்டுக்கிட்ட கடன் வாங்கும். அந்த மேல் பைட்ல 1 இருந்தா அது 255 ஆகி, அங்கயும் பிட் ஏறிரும். பொய் சாட்சி. எக்ஸார்ல 1 வர்ற எழுத்து எது? 46, அதாவது புள்ளி.

லிட்டில் எண்டியன்ல சரத்தோட முதல் எழுத்து கீழ் பைட்ல இருக்கும். கடன் ஸ்லாஷுக்குப் பின்னாடி வர்ற எழுத்துக்குத்தான் போகும். கீழருந்து எண்ணி முதல்ல கெடச்சதோட நிக்கிறதால பொய் கண்ணுல படாது, ஒங்க லேப்டாப்ல பாஸ் ஆனது அதனாலதான். பிக் எண்டியன்ல முதல் எழுத்து மேல் பைட். ஸ்லாஷுக்கு முன்னாடி நிக்கிற புள்ளி மாட்டிக்கும். "./"-க்கு 1-க்குப் பதிலா 0. "../"-க்கு கடன் ரெண்டு புள்ளியையும் தாண்டிப் போகும், 2-க்குப் பதிலா அங்கயும் 0. மொத்த நீளம் 8-க்குக் கொறஞ்சா பைட் லூப்தான் ஓடும், அதனால குட்டி டெஸ்ட்ல இது சிக்காது.

சரி பண்ண, லோடு பண்ணதும் பிக் எண்டியன்ல பைட் வரிசையத் திருப்பிட்டு, கீழருந்தே எண்ணலாம். எஸ்390எக்ஸ்ல திருப்பி லோடு பண்ணவே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு. இல்லாட்டி கழிக்கிறதுக்குப் பதிலா கூட்டுங்க: 127-ஓட ஆண்ட், 127 கூட்டு, பழைய மதிப்போட ஆர், 127-ஓட ஆர், கடைசில புரட்டு. 127-ம் 127-ம் 254, பைட்டைத் தாண்டாது. எனக்குப் பிடிச்சது மஸ்ல்ங்கிற இன்னொரு சி லைப்ரரியோட வழி: எட்டுல இருக்குன்னு தெரிஞ்சதும் அந்த எட்டுக்குள்ள மட்டும் பைட் பைட்டா தேடுறது. எண்டியன் பேச்சே வராது.

சோதிக்க ஐபிஎம் மெஷின் தேட வேணாம். டெபியன்ல எஸ்390எக்ஸ்-க்கு பில்ட் பண்ற கிராஸ் ஜிசிசியும், அந்த சிபியு மாதிரி நடிக்கிற கியூஎமு யூசர் பேக்கேஜும் போதும், ஸ்டாட்டிக்கா பில்ட் பண்ணி ஓட்டுங்க. வேகத்தை மட்டும் அதுல அளக்காதீங்க.

திருநகர்_64, 8:14
அலையாசிங் இல்லன்னு ஒத்துக்கிறேன். 😐

கோடு_வாத்தியார், 8:20
நான் எண்டியன் என்றுதான் சொல்ல வந்தேன்.

தெப்பக்குளம்_தெற்கு, 9:47
மஸ்ல் மாதிரி மாத்தி கியூஎமுல ஓட்டுனேன், "./" "../" ரெண்டும் பாஸ். ரிவ்யூல எழுதிட்டேன். நன்றிண்ணே.

பைபாஸ்_ரோடு, 9:50
நிஜ பாத்-ல சைக்கிள் எவ்வளவு வந்துச்சு?

பைபாஸ்_ரோடு, மறுநாள் காலை 8:05
தம்பி?

ஆரப்பாளையம்_பஸ், 8:31
கரண்ட் போயிருக்கும்.