குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகமும் நாங்களும்: அனுபவப் பகிர்வு

பள்ளி ஆசிரியை, தென்மாவட்டம்

என் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு ஆவணியில் திருமணம் நிச்சயித்திருந்தார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தேன், பாதுகாப்பு அலுவலகத்தின் சமூகப் பணியாளர் காவலருடன் வந்தார், திருமணம் நின்றது. பெற்றோரிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, இத்தகைய குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு அவளை வீட்டுக்கே அனுப்பியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த நடைமுறைதான். என் மனம் ஆறாதது அந்தப் பணியாளர் புறப்பட்ட நேரத்தை நினைத்துத்தான். துணிப்பையில் அடைத்திருந்த கோப்புகளுக்கிடையே அவளுடையதைத் தேடியெடுத்து, பள்ளித் திண்ணையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தவர், கடைசிப் பேருந்தின் சத்தம் கேட்டதும் பாதியிலேயே எழுந்துவிட்டார். "அடுத்த மாதம் கட்டாயம் வருவீங்களா அக்கா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். வருவதாகச் சொன்னார். யாரும் வரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு அவளும் வரவில்லை. பக்கத்து மாவட்டத்தில் உறவினர் வீட்டில் வைத்துத் திருமணத்தை முடித்துவிட்டார்கள். தடுத்து நிறுத்திய திருமணங்களின் பட்டியலில் அவள் பெயர் இன்னும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்

குழந்தைகள் இல்லங்களைப் பார்வையிடும் மாவட்ட ஆய்வுக் குழுவில் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்வதால், ஒரு தனியார் இல்லத்துக்கு நானும் சென்றிருந்தேன். தரை பளபளத்தது, பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். எடைப் பதிவேட்டைத் திறந்தேன். ஐந்து வயதுக் குழந்தையும் பதினைந்து வயதுப் பையனும் மாதந்தோறும் சரியாக அரைக் கிலோ கூடியிருந்தார்கள்; ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அங்கிருந்த எடைக் கருவியில் நானே ஏறி நின்றேன், முள் அசையவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு, ஒரு வாரத்தில் அறிக்கை, ஒரு மாதத்தில் நடவடிக்கை என்று சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நாங்கள் அறிக்கை கொடுத்தோம். அடுத்த ஆய்வோ வாகனம் இல்லை, உறுப்பினர் பணியிடம் காலி என்று தள்ளிக்கொண்டே போயிற்று. 2021-இல் மதுரைக் காப்பகம் ஒன்றில் உயிரோடிருந்த குழந்தையைக் கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டி விற்ற செய்தி வந்தபோது, எனக்கு அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது.

ஒப்பந்தப் பணியாளர்

ஆசிரியை அவர்களே, "யாரும் வரவில்லை" என்று நீங்கள் எழுதியது குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் எங்களைச் சுடுகிறது. தொகுப்பூதியத்தில் இருக்கும் நாங்கள், காலியாகக் கிடக்கும் அடுத்த இருக்கையின் வேலையையும் சேர்த்தே பார்க்கிறோம். இப்படியொரு தொடர் கண்காணிப்புக்கு என் சொந்த வண்டியில், சொந்தப் பெட்ரோலில் போய்ச் சேர்ந்தபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது; குடும்பமே செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இனி இப்படி நடந்தால் உறுதிமொழிக் கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் நடுவரிடம் தடையாணை கேட்கலாம். அந்த ஆணையை மீறி நடக்கும் திருமணம் 14-ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. நலக் குழுவின் உத்தரவில் அடுத்த பார்வைக்கான தேதியைக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். வறுமைதான் காரணம் என்றால் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு அன்றே விண்ணப்பம் கொடுங்கள். மாதம் 4,000 ரூபாய், கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைக் கூட்டச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள், ஏனென்றால் நாங்கள் வர முடியாத நாட்களிலும் அவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த மாணவிக்கும் வழி அடைபட்டுவிடவில்லை: பதினெட்டு வயது நிறைந்து இரண்டு ஆண்டுகள் வரை அவளே அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம், அதற்கு முன்பாக அவள் சார்பில் பாதுகாவலரும் கோரலாம்.

பள்ளி ஆசிரியை, தென்மாவட்டம்

அந்தப் பணியாளர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் பேருந்தில் வந்ததையும் நான்தானே எழுதினேன்! காலிப் பணியிடங்களை நிரப்புங்கள் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவற்றை நிரப்பாதவர்களைத்தான் கேட்கிறேன். ரத்து செய்யும் வழியை இங்கேதான் அறிந்தேன். பாதுகாவலராக இருக்கும் பெற்றோரே திருமணத்தை நடத்தி வைத்திருக்கும்போது, அவள் சார்பில் மனு கொடுக்க யார் முன்வர முடியும்?