கத்தி யார் கையில் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டுமா?

குறிஞ்சி:
முதுகில் இருந்த மச்சத்தைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், அதனால் குப்புறப் படுத்திருந்தாலும் காது நன்றாகக் கேட்டது. "அழுத்து, திருகு... ம், போதும், விடு" என்று ஒரு குரல். அப்போதுதான் புரிந்தது, கருவியைப் பிடித்திருப்பது நான் பார்க்க வந்த டாக்டர் இல்லை, படிக்கிற பையன் என்று. கையெழுத்து வாங்கிய தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இது சரியா?

பழைய ஸ்டெத்:
நாலு மில்லிமீட்டர் பஞ்ச் (தோலில் வட்டமாகச் சின்னத் துண்டு எடுக்கும் கருவி), ஒரு தையல், பக்கத்திலேயே மூத்தவர். இதற்கு இவ்வளவா? நாங்கள் எல்லோரும் அப்படிக் கற்றவர்கள்தான். "இன்றைக்குத்தான் முதல் தடவை" என்று சொன்னால் எவர் முதுகைக் காட்டுவார்? எல்லோரும் மறுத்தால் அடுத்த தலைமுறைக்குத் தைக்க ஆளே இருக்காது.

குறிஞ்சி:
மறுத்துவிடுவேன் என்று பயந்துதானே சொல்லவில்லை? அப்படியானால் மறுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று தெரிந்தேதான் மறைத்திருக்கிறீர்கள்.

பஞ்சுமூட்டை:
பன்றிக் காலிலும் சிலிக்கான் தோலிலும் பழகிவிட்டு வரட்டுமே.

பழைய ஸ்டெத்:
பழகத்தான் செய்கிறார்கள். ஆனால் பன்றிக் காலில் ரத்தம் கசியாது, அது நெளியாது, "வலிக்குது" என்றும் சொல்லாது. வயதானவர்களின் தோல் நூலை இழுத்தாலே கிழியும், அந்தப் பக்குவம் எந்தப் பொம்மையிலும் வராது.

பஞ்சுமூட்டை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிச்சுப் போடக் கற்கிற இடம் நோயாளியின் முதுகு இல்லை, அதை முடித்துவிட்டு வரட்டும். அப்புறம், முதுகை விடுங்கள், முகத்துக்கு வாருங்கள். இரண்டு நாள் வகுப்பு முடித்த கையோடு, முகச் சுருக்கத்தையும் குழியையும் நிரப்பும் ஃபில்லர் ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று, பாதி விலைக்கு 'மாடலாக' வந்து படுக்கிறவர் கேட்பாரா?

பழைய ஸ்டெத்:
அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. அது பயிற்சி இல்லை, வியாபாரம். அதையும் மேற்பார்வையில் நடக்கிற பயிற்சியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

குறிஞ்சி:
நான் வைக்கவில்லை டாக்டர். பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது அதே பையன் தயங்கித் தயங்கி வந்து, "நான்தான் போட்டேன், எப்படி ஆறியிருக்கிறது என்று பார்க்கலாமா?" என்றான். பாரப்பா என்று திரும்பி உட்கார்ந்தேன். முதல் நாளே அவன் இப்படிக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.