நைல் இருந்ததாலதான் எகிப்தா? பாலாத்தங்கரையில ஒரு வாக்குவாதம்

காட்பாடிக்காரன்:
பஸ்ல பாலாத்தைத் தாண்டும்போது கீழே பார்த்தா மணலும் முள்ளுச்செடியும். அங்கே நைல் பக்கம் பிரமிடு நிக்குது. நல்ல ஆறு வாய்ச்சவன் நாகரிகம் கண்டான், மத்ததெல்லாம் சும்மா. எத்தியோப்பிய மலையில மழை கொட்டினா ஜூன் கடைசியில எகிப்துல தண்ணி ஏறும், அக்டோபர் வாக்கில் வடியும். வடிஞ்ச இடமெல்லாம் கறுப்பு வண்டல். விதைச்சா விளையும்.

ஏரிக்கரை:
இன்னா தலைவா, இவ்ளோ லேசா சொல்லிட்ட? வந்த வெள்ளம் அப்படியே கடலுக்குப் போயிருந்தா ஒரு மண்ணும் விளைஞ்சிருக்காது. நிலத்தைச் சுத்தி மண்கரை கட்டி, வாய்க்கால்ல தண்ணிய உள்ளே விட்டு, ஒன்றரை மாசம் போல தேக்கினான். மண்ணு நல்லா ஊறினதும்தான் திறந்துவிட்டான். கரை உடைஞ்சா ஊரே மண்வெட்டியோட ஓடணும். அது ஆறு செஞ்ச வேலையா?

காட்பாடிக்காரன்:
ஈராக் பக்கம் யூப்ரடீஸ் ஆத்துக்காரனும்தான் கரை கட்டினான். அவனுக்கு ஏப்ரல், மே மாசத்துல, கதிர் முத்தி நிக்கும்போது வெள்ளம். போதாததுக்கு நிலத்துல உப்பு பூத்துச்சு. நைல் அறுவடை முடிஞ்சப்புறம் வந்து, உப்பையும் அலசிட்டுப் போச்சு. படகு விஷயத்தையும் பாரு: ஓட்டம் வடக்கே இழுக்கும், காத்து தெற்கே தள்ளும். கூஃபு ராஜாவோட பிரமிடுக்கு டூரா கல்குவாரியிலேர்ந்து படகுல சுண்ணாம்புக்கல் ஏத்திப் போன மேரர்ங்கிற மேற்பார்வையாளரோட நாட்குறிப்பு 2013ல செங்கடல் ஓரத்துல கிடைச்சுதே! துடுப்பும் பாயும் இருந்தா போதும். இந்த யோகம் யாருக்கு வரும்?

வாலாஜா அக்கா:
தம்பிங்களா, வரியை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. தெற்கு எகிப்துல நைல் நடுவுல இருக்கிற எலிஃபன்டைன் தீவுல படிக்கட்டுச் சுவத்துல கோடு போட்டு வெள்ளத்தை அளந்தாங்க, அந்த மட்டத்தைப் பார்த்துதான் வரி. ரோமானியர் பிளினி எழுதி வச்சிருக்கார்: 12 முழம்னா பஞ்சம், 13னா பசி, 14னா சந்தோஷம், 15னா நிம்மதி, 16னா கொண்டாட்டம். ஒரு முழத்துல ஒரு நாட்டோட வயிறு! கி.மு. 2200 வாக்கில் வெள்ளம் சுருங்கினதும் பிரமிடு கட்டின 'பழைய அரசு'க் காலத்து ஆட்சி ஆட்டம் கண்டதும் ஒண்ணா நடந்துச்சு.

ஏரிக்கரை:
அக்கா எனக்குத்தான் சாட்சி சொல்றாங்க. நம்மாளுங்க வருஷம் முச்சூடும் ஓடாத ஆத்தை வச்சே சோறு போட்டாங்க. மகேந்திரவாடியில பல்லவன் மகேந்திரவர்மன் பேர்ல 7ஆம் நூற்றாண்டு ஏரி, பக்கத்துலயே குடைவரைக் கோயில், கல்வெட்டு. அந்தாண்ட காவேரிப்பாக்கம் ஏரி, கரைமேல நின்னா அக்கரை தெரியாது. பாலாத்து மணலைத் தோண்டி ஊத்துக்கால் இழுத்தாங்க. இதுக்கெல்லாம் நைல் தேவைப்பட்டுச்சா?

காட்பாடிக்காரன்:
அந்த ஏரிக்கு வாலாஜா அணைக்கட்டுலேர்ந்து வர்றது யார் தண்ணி? பாலாத்துதுதானே! 2021 நவம்பர்ல ஆறு பொங்கி வந்தப்ப ஊரே பாலத்துமேல நின்னு செல்ஃபி எடுத்துச்சு, மறந்துட்டியா?

ஏரிக்கரை:
செல்ஃபி எடுத்த நேரத்துக்கு வரத்துக்காலைத் தூர் வாரியிருக்கலாம். கண்ணெதிரே அவ்ளோ தண்ணியும் வயலூர்ல கடல்ல கலந்துச்சு. ஆறு குடுத்துச்சு, புடிச்சு வைக்க ஆளில்ல. இதைத்தானே முதல்லேர்ந்து கத்துறேன்!

வாலாஜா அக்கா:
1970ல அஸ்வான் பெரிய அணை முடிஞ்சதும் வண்டல் அணைக்குள்ளயே தங்கிடுச்சு. இப்ப எகிப்து விவசாயி மூட்டை மூட்டையா உரம் போடுறான். ஆனா வெள்ளத்துக்கும் பயமில்ல, வருஷம் பூரா தண்ணி. இதை யார் கணக்குல எழுதப் போறீங்க?